பதினேழாம் கட்டமும் பதினெட்டாம் கட்டமும்

மாரித்தாய் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கட்டங்களை எண்ணினாள். போட்டோ கழுவுகிற புரோமைடு தாள் அது, ஒரு சாண் நீளம். வெள்ளையில் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, இருபத்தோராவது கட்டத்தில் முழுக் கருப்பாக முடியும். அன்று பகலில் பிரஸ்ஸின் இருட்டறையில் நான் எடுத்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

"பதினாறு வரைக்கும் படி இருக்கு. பதினேழும் பதினெட்டும் ஒரே கருப்பு" என்றாள்.

"நல்லாப் பாரு புள்ள. கருப்ப அளக்குற மீட்டர்ல வித்தியாசம் காட்டுது."

"அப்ப மீட்டர்கிட்டயே காட்டுங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக?"

எங்கள் மகள் பொன்மணி பட்டையைப் பிடுங்க வந்தாள். நாலு வயது. கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் கிழிக்கிற பருவம். மாரித்தாய் பானையிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்துப் பட்டையின் முதுகில் நசுக்கித் தேய்த்து, சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் எட்டாத உயரத்தில் ஒட்டினாள். கதவைச் சாத்தினாள். "ரசம் போதுமா, ஒரு முட்டை ஊத்தவா?" என்று கேட்டாள். ஊத்து என்றேன்.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, பங்குனி மாதத்து ஞாயிறு. மறுநாள் மத்தியானம் பட்டாசுக் கம்பெனிக் குழாயடியில் சாப்பாட்டுக்குக் கை கழுவியவள், தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்குத் துட்டிக்கு, சாவு விசாரிக்க, வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எந்தக் கம்பெனியில வெடிச்சது?" எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை என்றால் அப்படித்தான் கேட்பார்கள். எங்கும் வெடிக்கவில்லை என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நம்பாமல் போனவர்களும் உண்டு.

அவள் வேலை கம்பி மத்தாப்பில். சட்டத்தில் வரிசையாகக் கம்பிகளைச் செருகி, மருந்துக் குழம்பில் முக்கி, வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மருந்து கருஞ்சாம்பல். காயக் காய வெளுக்கும். முழுக்கக் காய்வதற்கு முன் இரண்டாம் தடவை முக்கினால் பூச்சு உதிரும். கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது, நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பத்து வருடமாக அவள் சாம்பல் நிறத்தைப் பார்த்தே பிழைத்தவள். அந்தக் கண்ணிடம்தான் மீட்டரைக் காட்டி நான் வாதாடினேன்.

நான் செய்துகொண்டிருந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் எனக்கு அச்சுத் தகடு எடுக்கிற பிளேட் செக்ஷன். முதலாளி இராமகிருஷ்ணன் அண்ணாச்சி, கறுப்பு வெள்ளைக் காலண்டர் ஆர்டர் ஒன்றுக்காக, கறுப்பிலேயே மூன்று மை போடுகிற இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கியிருந்தார். ஆர்டர் முடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய அப்பாவின் பழைய படங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. நெகட்டிவ்கள் என்றைக்கோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. படத்தைத் திரும்ப நெகட்டிவாக மாற்றி, கண்ணாடி மாதிரியான ஃபிலிமில் இங்க்ஜெட்டில் அடித்து, அதைப் புரோமைடு தாளின் மேல் வைத்து பல்பு வெளிச்சம் காட்டிக் கழுவினால் அசல் போட்டோ கிடைக்கும் என்று எங்கேயோ படித்திருந்தார். "பாண்டி, நீ செய்வ" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

ஃபிலிமும் மையும் பல்பும் தாளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். கம்ப்யூட்டரில் சமமான இருபத்தொரு கட்டம் போட்டு அனுப்பினால், தாளில் சில கட்டங்களுக்கு நடுவே பெரிய தாவல் இருக்கும். சில கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும். அதை மீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளந்து, எங்கே எவ்வளவு தவறுகிறது என்று குறித்து, அந்தத் தவறுக்கு நேர் எதிரான திருத்தத்தை முன்கூட்டியே படத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். திரையில் அது ஒரு வளைந்த கோடு. பிரஸ்ஸில் எல்லாரும் கர்வ் என்போம். கர்வ் சரியாக விழுந்தால் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி சமமாக இறங்கும். மாரித்தாய் ஒட்டிவைத்தது அப்படித் திருத்தி எடுத்த பட்டைதான்.

அண்ணாச்சியின் அப்பா நல்ல சிவப்பு. வெள்ளைச் சட்டை. அவர் படத்தில் பதினேழாம் கட்டத்துக் கருப்பு என்று பார்த்தால் செருப்பும் நாற்காலிக் காலும்தான். அதனால் படம் பிரமாதமாக வந்தது. அண்ணாச்சி அதைப் பிரஸ்ஸில் மாட்டினார். என் கர்வில் குறை இருப்பது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்.

மாரித்தாயின் காரியத்துக்கு விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் படம் போட்டோம். எங்களிடம் இருந்தது ஒரே நல்ல படம். அந்த வருடக் காணும் பொங்கலுக்குப் பிரஸ்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ஆனைக்குட்டம் அணைக்குப் போயிருந்தோம். அண்ணாச்சி மகன் ராம்குமார் புது டிஜிட்டல் கேமரா வைத்திருந்தான். கரைமேல் குடை பிடித்து நின்றவளை அவன்தான் எடுத்தான். பிரஸ் கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தை நான் ஸ்டுடியோவுக்குக் கொடுத்தேன். அவர்கள் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, பெரிதாகக் கொடுத்தார்கள். மாலை போட்டு மாட்டினோம்.

பொன்மணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். என் மனைவியின் அக்கா சின்னத்தாய் மதினி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "அம்மாதான்டி கண்ணு. சாமி கும்புடு."

அவள் கும்பிடவில்லை, அழவும் இல்லை. மதினி தோளிலிருந்து இறங்கி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டையிடம் போனாள். கம்பெனிக்குப் போகும்போது சேலைக்கு மேலே மாரித்தாய் போட்டுக்கொள்ளும் என் பழைய சட்டை அது. கைப்பட்டையில் மருந்துக் கறை இருந்தது. பொன்மணி அதைக் கையால் தொட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், அம்மாவைக் கும்பிடு என்றால் சட்டையைத்தான் தொட்டாள்.

சட்டையில் முகம் இல்லையே என்பதுதான் என் பயம். நாலு வயதுக் குழந்தைக்கு முகம் எத்தனை நாள் நினைவிருக்கும்? சுவரில் இருப்பது அவள் அம்மா இல்லை. கொஞ்ச நாளில் உள்ளே இருக்கிறவளும் மறைந்துபோவாள். பிறகு சுவரில் இருக்கிற அந்தச் சிவத்த பெண்ணையே அம்மா என்று ஒத்துக்கொள்வாள். அதற்கு முன் ஒரு சரியான படம் வேண்டும். வருடத் திதிக்குள் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கலரில் கொடுத்தால் எந்த ஸ்டுடியோவும் அவள் நிறத்தைச் சும்மா விடாது என்று தெரிந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரே கேள்விதான், எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருப்பு. அதற்கான கர்வ் என்னிடம் இருந்தது. அண்ணாச்சியிடம் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டறை வேண்டும் என்று கேட்டேன்.

"இதக் கேக்கணுமாலே?" என்றார். "சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும். தாளு, மருந்து எல்லாம் எடுத்துக்க. எங்கப்பா படத்துக்கு அம்புட்டு மெனக்கெட்டவன், ஒன் பொண்டாட்டி படத்துக்குச் செய்ய மாட்டியா?"

ஆடியில் தொடங்கினேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கர்வ் போட்டு, நெகட்டிவ் அடித்து, நாலு ஞாயிறு வெவ்வேறு அளவில் எடுத்துப் பார்த்தேன். ஸ்டுடியோ படத்தைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. ஆனாலும் பொன்மணியிடம் காட்டத் தயக்கமாக இருந்தது. எம். புதுப்பட்டிக்குப் போய் மதினியிடம் முதலில் காட்டினேன். அவரும் மத்தாப்பு வேலைதான். பல வருடம் தங்கச்சியோடு ஒரே சட்டத்தின் இரண்டு பக்கம் உட்கார்ந்து கம்பி செருகியவர்.

மதினி படத்தை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். குடைக்கம்பைப் பிடித்த கையை விரலால் தடவினார்.

"கை எந்தங்கச்சி கை. நகம்கூட அவ நகந்தான்" என்றார். பிறகு மேலே பார்த்தார். "மூஞ்சி யாரு மூஞ்சி தம்பி?"

"மதினி, ஒரே படந்தான."

"ஒரே படம்னா எதுக்கு ஒரு ஒடம்புல ரெண்டு நெறம் இருக்கு? கை கறுத்த கை. மூஞ்சி ஜவுளிக்கடை வெளம்பரக்காரி மூஞ்சி."

சட்டென்று நினைவு வந்தது. எங்கள் பிரஸ்ஸில் எந்தப் படம் வந்தாலும் முதல் வேலை முகத்தை மட்டும் சுற்றி வளைத்துப் பிடித்து வெளுப்பாக்குவது. காலண்டர் சாமியாக இருந்தாலும், கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளையாக இருந்தாலும், தேர்தல் நோட்டீஸ் வேட்பாளராக இருந்தாலும் அதேதான். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு கர்வ் சேமித்து வைத்திருந்தோம். ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். யோசித்துச் செய்கிற வேலை அல்ல, கை தானாகச் செய்யும். பொங்கல் முடிந்து ராம்குமார் படத்தைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி முகத்தையும் அப்படித்தான் நானே வெளுத்தேன். அசல் படத்தின் மேலேயே சேமித்தும் விட்டேன். வீட்டுக்கு ஒரு சின்னப் பிரதி கொண்டுபோய்க் காட்டியபோது அவள், "இந்தப் பவுடர எந்தக் கடையில வாங்குனீக? எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு மறந்துபோனேன்.

மதினியிடம் அதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பெறகென்ன, அந்தப் பவுடரத் தொடைங்க" என்றார். "அதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

வழி ராம்குமாரிடம்தான் இருந்தது. அவன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். போன் செய்தேன்.

"அசல் இருக்குண்ணே, சிடில போட்டு வச்சிருக்கேன். வீட்ல என் அலமாரியில, மேல் தட்டு. ஆனா அதுல எங்க காலேஜ் டூர் போட்டோவும் கெடக்கு. அதத் தொறக்காதீக."

"நான் எதுக்குலே அதத் தொறக்கப் போறேன்."

"நீங்க தொறக்க மாட்டீக. அப்பா பக்கத்துல நின்னா அவுக தொறப்பாக."

சிடி கிடைத்தது. அண்ணாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் திறந்தேன். அசல் படத்தில் மாரித்தாய் அவள் நிறத்தில் இருந்தாள். குடை நிழலில், அணைத் தண்ணீரின் கூச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிறே நெகட்டிவ் அடித்துக் கழுவிப் பார்த்தேன். கறுத்த முகம், அதற்கு மேல் குடையின் நிழல். இடது கன்னம் கூந்தலோடு சேர்ந்து ஒரே கருப்பாகிவிட்டது. மூக்குத்தி மட்டும் தனியாக மின்னியது. முகத்தில் பாதியைக் காணோம். மீட்டர் எடுத்து அளந்தேன். கன்னத்துக்கும் கூந்தலுக்கும் நூறில் மூன்று பங்கு வித்தியாசம் காட்டியது. கண்ணுக்கு அது இல்லை.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். பட்டை ஒட்டியபடி இருந்தது. அவள் முகம் முழுக்கப் பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பதினேழும் பதினெட்டும் ஒன்றாக இருந்தால் கன்னத்துக்கு எங்கே இடம்? அவள் சொன்னபோதே கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது அண்ணாச்சியின் அப்பா படம்.

தவறு கர்வில் இருக்கிறது என்று இரண்டு ஞாயிறு கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இருட்டுப் பக்கம் தூக்கினால் நடுவில் சாம்பல் பூத்தது. பிறகுதான் பல்பை யோசித்தேன்.

அந்த வருடம் கரண்ட் நிலைமை எல்லாருக்கும் நினைவிருக்கும். போவதும் வருவதும், வந்தாலும் மங்கலாக எரிவதும். வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கி, கருப்பு வெளிறிவிடும் என்று பயந்து, ஆரம்பத்திலேயே நான் வெளிச்சம் காட்டுகிற நேரத்தில் ஆறு விநாடி கூட்டி வைத்திருந்தேன். பதினாறு போதும் என்ற இடத்தில் இருபத்திரண்டு. பிரஸ்காரனுக்குக் கருப்பு அழுத்தமாக இருக்க வேண்டும், பத்தாமல் போனால் ஆர்டர் திரும்பிவிடும். ஆனால் தாளில் கருப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்ட பிறகு எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் கருப்பு மேலும் கறுக்காது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற கட்டங்கள்தான் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்து முழுகும். நான் ஆறு விநாடி கூட்டி அவற்றை முழுக வைத்துவிட்டு, அதன்மேல் கர்வ் வரைந்துகொண்டிருந்தேன்.

அண்ணாச்சியிடம் கேட்டு ஸ்கேனருக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரைப் பல்புக்கு மாற்றினேன். வெறும் ஃபிலிமை வைத்து, முழுக் கருப்பு வருவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் என்று விநாடி விநாடியாகப் பார்த்தேன். பதினாறு. பழைய கர்வை அழித்துவிட்டுத் திரும்பவும் திருத்தம் இல்லாத பட்டை எடுத்து, இருபத்தொரு கட்டத்தையும் அளந்து, புதுக் கோடு வரைந்தேன். முன்னதைவிட மெலிந்த வளைவுதான் தேவைப்பட்டது. கர்வ் போட்டு எடுத்த புதுப் பட்டையை ஈரம் காயும் முன்பே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்குப் படி தெரிந்தது. ஆனால் என் கண்ணை நான் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு மதினி வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமியும் அங்கே இருந்தார். அவரும் மத்தாப்புதான். எந்தக் கட்டம் என்று சொல்லாமல் பட்டையை மட்டும் கொடுத்தேன்.

"எங்கயாச்சும் ரெண்டு கட்டம் ஒண்ணா இருக்கா பாருங்க."

"இதென்ன தம்பி, பரிச்சையா?" என்றார் சொர்ணலட்சுமி. "மார்க்கு எம்புட்டு?"

மதினி வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்றார். தங்கச்சி பிடித்த மாதிரியே பிடித்தார். மெதுவாகப் பெருவிரலை நகர்த்திக்கொண்டு போனார். பதினேழில் நின்றார்.

"இது அரைக்காய்ச்சல், பாதிதான் காஞ்சிருக்கு" என்றார். விரலை ஒரு கட்டம் தள்ளினார். "இது ஈரம். இதுக்கு அடுத்தது இப்பத்தான் முக்கி எடுத்தது."

"ஒண்ணா இல்லையே?"

"அரைக்காய்ச்சலும் ஈரமும் ஒண்ணுன்னு சொன்னா மேஸ்திரி என்னைய வீட்டுக்குல்ல அனுப்பிருவாரு?"

சொர்ணலட்சுமி வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் படி இருக்கு. மார்க்கப் போடுங்க" என்றார்.

தை மாதத்தில் படத்தை எடுத்தேன். டெவலப்பர் தட்டில் முதலில் குடை வந்தது, பிறகு கூந்தல். அதன் பின்னால் கன்னம் வந்தது. கூந்தலில் ஒட்டாமல், கொஞ்சம் தள்ளி, தன் இடத்தில் நின்றது. தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். திரும்பப் போனபோதும் கன்னம் இருந்தது.

திதிக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டுடியோ படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மாலை போடவில்லை, பொட்டும் வைக்கவில்லை. பொன்மணி பள்ளிக்கூடத்திலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த வருடம்தான் எல்கேஜி போகிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று மதினியிடமும் சொல்லி வைத்திருந்தேன். மதினி அடுக்களையில் நின்றுகொண்டு, எதையும் கிண்டாமல் கரண்டியைப் பிடித்திருந்தார்.

பொன்மணி பையைக் கழற்றிப் போட்டாள். ஒரு ஷூவைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றும்போது தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா நம்ம கொடையப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"ஆமா."

"கண்ணு கூசுதா அம்மாவுக்கு?"

"ஆமாம்மா. அணையில வெயிலு."

அவள் இன்னொரு ஷூவையும் கழற்றிவிட்டு, "அத்தன பெரிய கொட பிடிச்சும் கூசுதா?" என்று கேட்டுக்கொண்டே மதினியிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். மதினி அப்போதுதான் கிண்ட ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு கிண்டினார்.

அந்தச் சட்டையை அடுத்த சித்திரையில் மதினி எடுத்துக்கொண்டு போனார், கம்பெனிக்குப் போட்டுக்கொள்ள. ஆணி காலியாக இருக்கிறது என்று பொன்மணி தன்னுடைய பள்ளிக்கூடப் பையை அதில் மாட்டினாள்.

இப்போது அவள் பெரியவள். மதுரையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் படத்துக்கு முன்னால் நின்று தலை வாருவாள். கண்ணாடி எதிரில்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கேதான் நிற்பாள். கறுப்பில் தாய் மாதிரி. அதைச் சொன்னால் சந்தோஷப்படுகிறாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போய், "எங்கப்பாவ ஒரு தடவ வந்து பாருங்க, சொல்லித் தருவாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் வரவில்லை.

பிரஸ்ஸிலிருந்து நான் நின்றுவிட்டேன். அண்ணாச்சி அந்தப் பழைய இங்க்ஜெட்டை எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டின் பின்னறையில் இருக்கிறது. யாராவது தங்கள் வீட்டுப் பெரியவர்கள் படத்தைக் கொண்டுவருவார்கள். கொஞ்சம் எடுப்பாகப் போடுங்க என்பார்கள். சரி என்பேன். இருக்கிறபடியேதான் எடுப்பேன். வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகக் கொண்டுபோவார்கள். தாள் மாறும்போதெல்லாம் புதிதாகப் பட்டை எடுத்துப் புதுக் கர்வ் போடுவேன். மதினி இருக்கிறவரை அவரிடம் காட்டுவேன். கண்ணாடி போட்ட பிறகும் அவர் கண் மீட்டரைவிடச் சரியாகத்தான் இருக்கிறது.

அடுக்களைக்கு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அலமாரிக்கு ஒரு தடவை பெயிண்ட். பெயிண்ட் அடித்தவனிடம் கதவின் உள்பக்கம் மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன். சோற்றுப் பருக்கை காய்ந்து, பட்டையின் ஒரு மூலை கொஞ்சம் கிளம்பியிருக்கிறது. அதில் பதினாறு வரைக்கும் படி இருக்கிறது. பதினேழும் பதினெட்டும் ஒரே கருப்பு.